செவுள் பார்த்து வாங்கியவர்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எது உடைந்தாலும் முதலில் கேட்பது அவர் குரல்தான். "நான்தான்!" என்பார். பக்கத்து அறையில் இருந்தாலும் சரி, குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாலும் சரி. சில சமயம் உடைந்தது என்னவென்று தெரியாமலே சொல்லிவிட்டு, ஈரக் கையோடு ஓடி வந்து, "என்னது அது?" என்று கேட்பார். ஒருமுறை உடைத்தது நான். அரை லிட்டர் கண்ணாடிக் குடுவை. வழக்கம்போல "நான்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "ஓ, நீங்களா? அப்பச் சரி" என்று விளக்குமாற்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பெயரை எழுதப் போவதில்லை. கூட வேலை பார்த்த காலத்திலேயே நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் அவருக்கு 'சார்', அவர் எனக்கு 'மேடம்'. இன்றைக்கு மனதுக்குள் நினைத்துக்கொள்ளும்போதும் 'நீங்க'தான் வருகிறது. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்த மரியாதை எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. எவ்வளவு ஆசையை வேண்டுமானாலும் அதற்குப் பின்னால் மறைத்துவைத்துக்கொள்ளலாம். நான் வைத்துக்கொண்டேன்.

தூத்துக்குடிக் கரையில் ஒரு கழிமுகம். அங்கே பிடிபடும் மீன்களின் உடம்பில் பாதரசம், ஈயம் மாதிரியான உலோகங்கள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன, அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து உண்டா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அது என் முனைவர் பட்டத்துக்கான ஆய்வு. அவர் அந்தத் திட்டத்தில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். மாதம் ஒரு வியாழக்கிழமை திரேஸ்புரம் கரைக்குப் போய், அந்தக் கழிமுகத்தில் வலை போட்டு வந்த வள்ளங்களின் மீனை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவோம். இரும்புக் கத்தி படக்கூடாது என்பதால் பிளாஸ்டிக் கத்தியால் முதுகுச் சதையை அறுத்து, காயவைத்து, பொடித்து, அமிலத்தில் கரைத்துக் கருவிக்குக் கொடுப்போம். சொல்லும்போது நான்கு வரி. செய்யும்போது ஒரு மாதம் முழுக்கப் போய்விடும்.

இதில் வெளியே சொல்ல வெட்கப்பட வேண்டிய ஒரு விஷயம் உண்டு. எனக்கு மீன் வாங்கத் தெரியாது. நான் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்க்காரன். எங்கள் வீட்டில் சைவம். மடவைக்கும் கிழங்கானுக்கும் அறிவியல் பெயர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் கூடையில் கிடக்கும் மீன் காலையில் பிடித்ததா முந்தாநாள் பிடித்ததா என்று கேட்டால் முழிப்பேன். அந்த வாடைக்கும் வழுவழுப்புக்கும் பயந்து ஐஸ் பெட்டியோடு ஆட்டோ பக்கத்திலேயே நின்றுகொள்வேன். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் இறங்கிப் போவார். தூரத்திலிருந்து அவர் குனிவதும் நிமிர்வதும் மட்டும் தெரியும். பின்னல் ஒரு பக்கமாகச் சரிந்து விழுவதும், புறங்கையால் அதைத் தள்ளிவிடுவதும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் மாப்பிள்ளையூரணியிலிருந்து வந்துபோவார். அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருக்குக் கடையில் ஒரே மாதிரி வேலைதான்: பருப்பில் கல் பார்ப்பது, வத்தலில் பூஞ்சை பிடித்ததை ஒதுக்குவது, கருப்பட்டியில் இளகினதைத் தனியே வைப்பது. "நம்ம கடைக்கு வாரவங்களுக்கு நல்லதத்தான் குடுக்கணும்னு எங்கப்பா சொல்லுவாங்க சார். ஒரு சொத்தைப் பயறு போயிட்டா அன்னைக்குப் பூரா வீட்டுல பேச்சுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் எதையும் முந்திக்கொண்டு ஒப்புக்கொள்ளும் பழக்கம் வந்ததோ என்னவோ. கேட்டதற்கு, "ஒளிச்சு வச்சா ராத்திரி தூக்கம் வராது சார், அவ்வளவுதான்" என்றார்.

மீன் அறுத்த நாட்களில் எங்கள் உடம்பெல்லாம் வாடை. எந்த சோப்புக்கும் போகாது. ஒரு சாயங்காலம் இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏறினோம். பழைய பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் ஆட்கள் மூக்கைச் சுளித்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். யாரோ கருவாட்டுக் கூடையை ஏற்றிவிட்டதாகக் கண்டக்டரிடம் ஒருவர் சண்டைக்குப் போனார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் எழுந்து நின்று கையைத் தூக்கினார். "நான்தான் நாறுதேன். மீன் லேப்புல வேல. அந்த ஜன்னலத் தொறந்து விடுங்க அண்ணாச்சி, கொஞ்சம் காத்து வரட்டும்." பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். அவரைப் போலவே நாறிக்கொண்டிருந்த நான் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு யாரோ மாதிரி வெளியே பார்த்தேன். இறங்கும்போது என்னிடம், "உங்க கைக்குட்டைதான் சார் ரொம்ப நாறுது" என்றார்.

இன்னொரு நாள் ஒரு பூனை உள்ளே வந்து, மேசையில் எடுத்துவைத்த மீனைத் தின்றுவிட்டது. ஆய்வுக் குறிப்பேட்டில் அவர் எழுதியிருந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: 'பை எண் ஏழு. கிழங்கான். பூனை தின்றுவிட்டது. கதவைச் சாத்தாமல் போனது நான்.' கீழே கையெழுத்து. எங்கள் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "பூனையெல்லாம் ரெக்கார்டுல எழுதுவீங்களா?" என்று கத்தினார்.

"அது திங்காம இருந்திருந்தா எழுதியிருக்க மாட்டேன் சார்."

நான் வெளியே போய்ச் சிரித்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். 'மேடம், எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு' என்பது ஒன்றும் நீளமான வாக்கியம் இல்லை. பட்டம் வாங்கிவிட்டுச் சொல்லலாம், வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். எல்லாவற்றையும் நாளைக்குத் தள்ளுவதில் நான் கெட்டிக்காரன்.

ஒரு வருடத்துக் கணக்கெடுப்பு முடிந்தது. எண்கள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போயின. பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை என்கிற மாதிரி வந்திருந்தது. பேராசிரியருக்குத் திருப்தி. நிதி கொடுத்தவர்களுக்கு இடைக்கால அறிக்கை போனது. நான் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை எழுதத் தொடங்கியிருந்தேன். எனக்கு உதவித்தொகை இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி. அதற்குள் முடித்துவிடலாம் என்று நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை நல்ல மழை. ஆட்டோக்காரர் கரைவரை வர முடியாது என்றுவிட்டதால், முதல்முறையாக நானும் ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் போனேன். தார்ப்பாயைத் தலைக்கு மேலே பிடித்தபடி மீன்காரம்மா உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முதல் மாதத்திலிருந்தே மீன் கொடுப்பவர். பெரிய உடம்பு, கழுத்தில் மாதா டாலர்.

"வாளா, லேப்புப் புள்ள. இது யாரு, ஒங்க சாரா? பெட்டிய இங்கன வைங்க தம்பி. ஒனக்குத் தனியா எடுத்து வச்சிட்டேன் பாத்துக்க."

"தனியான்னா?"

"நல்லதாப் பாத்துத்தாம்ளா. செவுளு கறுத்தது, புண்ணு வந்தது, சோணி எல்லாத்தையும் அந்தப் பக்கம் தள்ளிட்டேன். ஆராய்ச்சிக்குப் போற மீனு நல்ல மீனா இருக்க வேண்டாமா? நாளைக்கு நம்ம கரையக் கொறை சொல்லிரப்பிடாதுல்லா."

என்னோடு வந்தவர் மடவையின் செவுளைத் தூக்கிப் பார்க்கக் குனிந்திருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"யக்கா, எத்தன நாளா இப்படி எடுத்து வைக்கீங்க?"

"மொத நாளுலேருந்துதான். நீயுந்தானளா செவுளத் தூக்கிப் பாத்து, வயித்த அமுக்கிப் பாத்துத்தான் எடுப்ப. ஒனக்கு ஏன் அந்தச் செரமம்னு நானே பாத்து வச்சிருவேன்."

மழைச் சத்தத்துக்கு மேலே மீன்காரம்மாவின் பெருமை கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு உடனே புரியவில்லை. அந்தப் பக்கம் ஒதுக்கிக் கிடந்த குவியலையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த மீன்கள், வால் அரித்தவை, செவுள் கருத்தவை. கழிமுகத்தின் மோசமான தண்ணீரில் கிடந்து வந்தவை அவைதான். நாங்கள் தேடிவந்ததும் அவற்றைத்தான். ஒரு வருடமாக அவற்றில் ஒன்றுகூட எங்கள் ஆய்வுக்கூடத்தின் வாசல்படியைத் தாண்டவில்லை.

கரைக்கு மேலே இருந்த டீக்கடையில் நின்றோம். அவர் டீயை வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தார்.

"மேடம்," என்றேன், "இத நம்ம ரெண்டு பேருக்குள்ள வச்சிக்கிடுவோம். இனிமே சரியா எடுப்போம்."

"அப்பப் போன வருசத்து மீனு?"

"அதுவும் அங்க பிடிச்ச மீன்தான மேடம். நாம ஒண்ணும் பொய் எழுதலையே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. எனக்கு விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த மாதிரி மெதுவாகச் சொன்னார். "சார், நல்ல மீனெல்லாம் ஏலத்துல வெளியூருக்குப் போயிரும். அந்தா ஒதுக்கிக் கெடக்கே, அத இந்தக் கரையில உள்ளவங்கதான் கொழம்பு வைக்காங்க. மீன்காரக்கா வீட்டுலயும் அதுதான். அவங்களுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு நாம எழுதிக் குடுத்திருக்கோம். அவங்க திங்கித மீனப் பாக்காமலே."

எனக்கு ஆத்திரம் வந்தது. நியாயம் அவர் பக்கம் இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. "என் ஒரு வருசம் போயிரும் மேடம். ஸ்காலர்ஷிப் முடிஞ்சிரும். உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவீங்க" என்றேன். அவர் டீயைக் கீழே ஊற்றிவிட்டுக் கிளாஸை வைத்தார்.

மறுநாள் காலை பேராசிரியர் அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். மீன்காரம்மாவைப் பற்றிச் சொல்லும்போதுகூட, "அவங்க மேல தப்பில்ல சார், அவங்களுக்கு நாம சொல்லல" என்றார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அனுப்பிய அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கடிதம் எழுத வேண்டும். ஒரு வருட வேலை குப்பைக்கு.

"யாரு செஞ்ச வேலை இது?" என்றார்.

"நான்தான் சார். நான்தான் பொறுக்கி எடுத்தேன்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாதிரி எடுக்கும் முறை என்று ஒரு தாள் உண்டு. ஆய்வு தொடங்கும் முன்பு நான் உட்கார்ந்து எழுதியது. கரையில் எத்தனை மீன் வாங்க வேண்டும், எந்தெந்த வகை என்றெல்லாம் அதில் எழுதியிருந்தேன். கூடையிலிருந்து எப்படி எடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. பொறுக்கக்கூடாது, கைக்கு வந்ததை எடுக்க வேண்டும் என்பது ஆய்வின் பால பாடம். அதை எழுத வேண்டியவன் நான். மீன் வாங்கி வா என்று சொன்னால் இந்த ஊரில் யாராக இருந்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். தப்பு அந்தத் தாளில் இருந்தது, என்னிடம் இருந்தது. முன்பே ஒரு நாளாவது ஆட்டோவை விட்டுக் கரையில் இறங்கியிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

நான் வாய் திறக்கவில்லை. முந்தைய நாளின் ஆத்திரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பேராசிரியர் அறிக்கையின் நகலை மெதுவாக மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். பிறகு, "சரி, போங்க" என்றார்.

டெக்னிக்கல் அசிஸ்டென்ட்டாக அவருடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிவதாக இருந்தது. வழக்கமாக ஒரு கையெழுத்தில் நீட்டித்துவிடுவார்கள். இந்த முறை நீட்டிக்கவில்லை. மிச்சமிருந்த நாட்களில் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "தராசு காலியா மேடம்?" "காலிதான் சார்." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த நாட்களில்தான் அவர் புது முறையை எழுதிவைத்தார். கூடையை அப்படியே தார்ப்பாயில் கவிழ்க்க வேண்டும். ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்து ஒவ்வொரு ஐந்தாவது மீனையும் எடுக்க வேண்டும். எப்படி இருந்தாலும் எடுக்க வேண்டும். கடைசி நாள் எல்லாக் குடுவைகளையும் அமிலத்தில் அலசிக் கவிழ்த்துவைத்துவிட்டு, என் மேசைக்கு வந்தார். "வாரேன் சார். நல்லா முடிங்க." நான் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி மேடம்" என்றேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

அதன்பிறகு ஒரு வருடம் நானே மணலில் இறங்கினேன். முதல் மாதம் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். கூடையைக் கவிழ்க்கச் சொன்னதும் மீன்காரம்மா திட்டித் தீர்த்துவிட்டார். அழுகிய மீனை நான் எண்ணி எடுத்துப் பெட்டியில் வைப்பதைப் பார்த்து, "மாதாவே, இந்தத் தம்பிக்கு ஒரு எழவும் தெரியல. அந்தப் புள்ளய எங்கன வெரட்டுனிய?" என்று கேட்டார். மாதா மாதம் கேட்டார். மாதா மாதம் நான் எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டியில் முதல் வருடத்து மீன் பைகள் அப்படியே இருந்தன. எதற்கும் உதவாதவை. தூக்கிப்போடச் சொல்லி அட்டெண்டர் பலமுறை சொன்னார். ஒவ்வொரு பையின் மேலும் பென்சிலால் அவர் எழுதிய சீட்டு. வட்ட வட்டமான எழுத்து. எதையோ தேடுகிற சாக்கில் மூடியைத் திறந்து அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு மூடுவேன். அவர் இருந்த நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்தபோது எனக்கு ஏற்பட்ட எரிச்சலுக்கு அந்தப் பையன் எந்தவிதத்திலும் பொறுப்பில்லை. மாப்பிள்ளையூரணி என்ன வெளிநாடா? பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். போய் என்ன சொல்வது என்றுதான் போகவில்லை.

இரண்டாம் வருடத்து எண்கள் முதல் வருடத்து எண்களைப் போல் இல்லை. அதை விரிவாகச் சொல்ல இது இடமில்லை, ஆய்வேட்டில் இருக்கிறது. உதவித்தொகை நின்றபிறகு டியூஷன் எடுத்துச் சமாளித்து, கடைசியில் முடித்தேன். முனைவர் பட்டத்துக்குக் கடைசிப் படி பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். பெரும்பாலும் மாணவர்கள் மிக்சருக்கும் காபிக்கும் வருவார்கள். நான் பேசத் தொடங்கிச் சற்று நேரத்தில் பின்வரிசைக் கதவைத் திறந்துகொண்டு அவர் வந்து உட்கார்ந்தார். அட்டெண்டர் சொல்லி வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "மாதிரி எடுக்கும் முறை நன்றாக இருக்கிறது. இதற்கு எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டார்.

"முன்னோட்ட ஆய்வில் சில குறைகள் தெரிந்தன" என்றேன்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் ஒரு வருடத்தை 'முன்னோட்ட ஆய்வு' என்று ஆக்கிவிட்டேன். ஆய்வேட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். நன்றியுரையில் வள்ளக்காரர்களின் பெயர் உண்டு, மீன்காரம்மாவின் பெயர் உண்டு. அவர் பெயர் இல்லை. எழுதினால் காரணம் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

"பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று தலைவர் கேட்டார். பின்வரிசையில் அவர் எழுந்து நின்றார்.

"அஞ்சாவது மீனு ரொம்பக் கெட்டுப்போயிருந்தா என்ன செஞ்சீங்க சார்?"

"எடுத்தோம். ஒண்ணையும் விடல."

"சரி சார்" என்று உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான் கேட்டார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார்.

கைதட்டினார்கள். முனைவர் என்றார்கள். சால்வை போட்டார்கள். நான் சால்வையோடு ஓடி, வாசலைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தேன். காலில் மெட்டி இருந்தது. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். வீட்டுக்காரர் நல்ல மாதிரி என்றார். நன்றாகப் பேசினீர்கள் என்றார். நான் அவர் பேச்சுக்கு நடுவே புகுந்து சொன்னேன்.

"மேடம், அந்தத் தாள எழுதுனது நான். எப்படி எடுக்கணும்னு எழுதாம விட்டதும் நான்தான். உங்க தப்பு இல்ல. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"தெரியும் சார்" என்றார். பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் சொல்லி முடிச்சதும் நீங்க சொல்லுவீங்கன்னு உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஐயா 'போங்க'ன்னு சொல்லுத வரைக்கும் பாத்தேன்."

குரலில் குறை ஒன்றும் இல்லை. பஸ் வந்தது. முன்படியில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து, ஒருமுறை கையை அசைத்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது வேறு ஊரில் வேலை, கல்யாணம், குழந்தைகள், எல்லாம் உண்டு. ஆனாலும் மனதுக்குள் அந்த அறைக்குத் திரும்பத் திரும்பப் போய்விடுகிறேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவ்வளவு நேரமும் நான் பேராசிரியர் மேசையில் கழற்றிவைத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.